ஏலகிரி எரிமலையா?

"சார், நம்ம ஏலகிரியும் ஒரு காலத்துல எரிமலைதானாமே?"

கேட்டவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி. ஆம்பூரில் மாலை டீ நேரம். அவர் போனில் குவாத்தமாலா நாட்டின் அதித்லான் ஏரி ஓடிக்கொண்டிருந்தது. நீலத் தண்ணீர், பின்னால் கூம்பு கூம்பாக மூன்று எரிமலைகள், கரையோரம் மாயா மக்களின் ஊர்கள், கையால் நெய்த பூவேலை ரவிக்கையில் பெண்கள். "நம்மகிட்டயும் மலை மேல ஏரி இருக்கு. ஏரி பக்கத்துல பழங்குடி ஊர் இருக்கு. அப்புறம் எதுக்கு சார் உலகமே அங்க போகுது? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஒரு டீக்குள் முடிகிற பதில் இல்லை. இன்னும் இரண்டு சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

முதலில் அந்த ஏரி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 80,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த வெடிப்பின் சாம்பல் வடக்கே அமெரிக்காவின் புளோரிடா வரையிலும் தெற்கே ஈக்வடார் வரையிலும் போய் விழுந்திருக்கிறது. அடியில் இருந்த பாறைக்குழம்பு அவ்வளவும் வெளியேறிவிட்டால் மேலே உள்ள தரையை எது தாங்கும்? தரை சரிந்து உள்ளே விழுந்தது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் சேர்ந்துதான் 300 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ஏரி உண்டானது. சான் பெட்ரோ, தோலிமான், அதித்லான் என்று வீடியோவில் தெரியும் மூன்று எரிமலைகளும் அதற்குப் பிறகு தென்புறத்தில் எழுந்தவை.

இன்னொரு விஷயம், அந்த ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு கிடையாது. மண்ணுக்குள் கசிவதும் வெயிலில் ஆவியாவதும்தான் வழி. கரையோர ஊர்களின் சாக்கடையும் வயல்களின் உரமும் உள்ளே வந்தால் அங்கேயே தங்கும். 2009-ல் நீலப்பச்சைப் பாசி ஏரியின் பெரும்பரப்பில் படர்ந்தது. செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது.

"அப்போ ஏலகிரி?"

ஏலகிரி எரிமலை இல்லை. ஆனால் எரிமலை ஆகியிருக்கக்கூடிய சரக்கு அதற்குள் இருந்தது. சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து ஏறி வந்த பாறைக்குழம்பு, மேற்பரப்பை எட்டாமல் நடுவழியிலேயே நின்று மெல்ல மெல்ல ஆறி இறுகியது. அப்படி உண்டான பாறைக்கு சயனைட் என்று பெயர். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் எரிமலை. வழியாமல் பாத்திரத்துக்குள்ளேயே ஆறி ஆடை கட்டினால் ஏலகிரி. மேலே மூடியிருந்த பாறைகளை மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்துத் தள்ளிய பிறகு, உள்ளே இறுகியது வெளியே தெரிந்தது. இன்று நாம் மலை என்று ஏறுவது அதைத்தான்.

இந்த ஆழத்து நெருப்பின் சாட்சி ஏலகிரி மட்டும் அல்ல. திருப்பத்தூர் பக்கத்தில் சேவத்தூரில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் சத்தே பாறைக்குழம்பாக ஏறி வந்து உறைந்தது அது. அதோடு கிடைக்கும் வெர்மிகுலைட்டைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் தோண்டியெடுக்கிறது. சூடாக்கினால் பல மடங்கு உப்பி, வெப்பத்தைத் தடுக்கும் பொருளாகப் பயன்படும் கனிமம் அது.

சரி, ஏலகிரி மேல் உள்ள புங்கனூர் ஏரி? அது மனிதர் கட்டியது. மலைமேல் உள்ள தாழ்வில் மழைநீரைத் தேக்கி உண்டாக்கியது. பழைய வடாற்காடு முழுக்க நாம் ஏரி என்று சொல்வது பெரும்பாலும் இப்படித்தான்: கரை கட்டி, மதகு வைத்து, வருடா வருடம் தூர் வாரிக் காப்பாற்ற வேண்டியது. அதித்லானை எரிமலை தோண்டிக் கொடுத்தது. நம் ஏரியை ஊர் தோண்டியது. ஊர் மறந்தால் அது தூர்ந்துபோகும்.

ஏரிக்கரை ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் ஏரியை மட்டும் சொன்னால் பாதி விளக்கம்தான். அதித்லானின் தென்கரையில் த்சுதுஹில் மாயாக்கள். வடக்கிலும் கிழக்கிலும் கக்சிகெல் மாயாக்கள். 'மாயா நாகரிகம் அழிந்துவிட்டது' என்று நம் பள்ளிப் புத்தகத்தில் படித்ததால், ஏதோ மறைந்த இனம் என்று நினைப்போம். 1524-ல் ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ அல்வராதோ அந்த ஏரிக்கரையைப் பிடித்தார். ஐந்நூறு ஆண்டு கழித்தும் அந்த மக்கள் அதே கரையில் தங்கள் மொழியைத்தான் பேசுகிறார்கள்.

சாந்தியாகோ அதித்லான் என்ற ஊரில் மாஷிமோன் என்று ஒரு சாமி. மரத்தில் செய்த உருவம். தலையில் தொப்பி, கழுத்தில் அடுக்கடுக்காகத் துணி, வாயில் சுருட்டு. சாராயம் படைப்பார்கள்.

"நம்ம முனீஸ்வரன் மாதிரியே இருக்கே சார்!"

அதே மாதிரிச் சாமிதான். ஆனால் அதற்குக் கோயில் கிடையாது. ஊரின் வழிபாட்டுச் சங்கத்தில் பொறுப்பேற்பவர் வீட்டில் ஒரு வருடம் இருக்கும்; அடுத்த வருடம் வேறொருவர் வீட்டுக்குப் போகும். நீங்கள் அங்கே போனால், இந்த வருடம் சாமி யார் வீட்டில் என்று விசாரித்துத்தான் போக வேண்டும். சின்னக் காணிக்கை கொடுத்து உட்காரலாம். படம் எடுக்கத் தனிக் கட்டணம். கத்தோலிக்கமும் மாயா வழிபாடும் கலந்து உண்டான சாமி இது. பழமை என்று நாம் பார்க்கப் போவதிலேயே இவ்வளவு கலப்பு இருக்கிறது.

ஏலகிரிக்கு வருவோம். அத்தனாவூர், நிலாவூர், மங்களம், புங்கனூர் என்று 14 ஊர்கள். அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. தமிழ்தான் பேசுகிறார்கள், பெயரோடு கவுண்டர் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் இருப்பவர்கள் இவர்கள். பெண் எடுக்க மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுப்பது இவர்கள் வழக்கம்.

இவர்கள் எப்படி மலைக்கு வந்தார்கள் என்பதற்குக் கதை உண்டு. வடாற்காடு மாவட்டத்தைப் பற்றிய ஆங்கிலேயர் காலத்து நூலில் பதிவாகி, எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இடம்பெற்ற கதை. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டார்கள். இழிவாகப் பேசி அனுப்பினார்கள். கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். 'நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டதாக எண்ணிக் காரியம் செய்துவிடுங்கள்' என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி நீந்தித் திரும்பி ஊருக்கு ஓடிவிட்டன. வேடர்களைக் கொன்று இவர்கள் வீடு திரும்பியபோது மனைவிமார் தாலி அறுத்துக் காரியமும் முடித்திருந்தார்கள். செத்தவர்களுக்கு ஊரில் இடம் ஏது? வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலைக்குப் போய் உழவு செய்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தாம் மலையாளிகள் என்று கதை முடிகிறது.

இதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த மக்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். 'நாங்கள் உங்களிடமிருந்து போனவர்கள். நீங்கள்தாம் எங்களைச் செத்தவர்களாக எழுதிவிட்டீர்கள்' என்கிறது கதை. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே ஓடுவது நம் பாலாறு.

மனிதர் அங்கே வாழ்ந்த தடயம் இந்தக் கதையைவிட மிகப் பழையது. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் புதிய கற்காலத்தின் வழுவழுப்பான கற்கோடரிகள் கிடைக்கின்றன. சில இடங்களில் ஊர்க்காரர்கள் அவற்றைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஜவ்வாது மலையில் கீழ்சேப்பிளி அருகே பலகைக் கற்களால் ஆன கற்திட்டைகள் இருக்கின்றன. குள்ள மனிதர்களான வாலியர் கட்டிய வீடுகள் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

"தோலுக்கும் மலைக்கும் சம்பந்தமே இல்லையா சார்? நாங்க கீழ, அவங்க மேல."

இங்கேதான் கதை நம் ஊருக்குள் வருகிறது. குரோம் உப்பு வருவதற்கு முன் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைப் பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்துகொள்ளும். பிறகு தோல் அழுகாது. ஆவாரம் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு அது. கடுக்காய் வளர்வது ஜவ்வாது மலை போன்ற காடுகளில். பொறுக்கிக் கொண்டுவந்தவர்கள் மலை மக்கள். கீழே சம்பாதித்த ஒவ்வொரு பவுனிலும் மேலே குனிந்து பொறுக்கியவரின் கூலி சேர்ந்திருக்கிறது.

1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும்தான் இனி வியாபாரம் என்றானது. வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடிக்கும் குரோம் எங்கும் பரவியது. கடுக்காய்க்குத் தேவை குறைந்தது. கழிவுநீர் பாலாற்றில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-ல் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. நம் ஊரின் பேரால் நாடு முழுக்க வழக்கறிஞர்கள் படிக்கும் தீர்ப்பு அது. அதித்லானுக்கு வெளியேறும் வழி இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆண்டில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் பாலாற்றுக்கும் அதே கதிதான். விழுந்த கழிவை அடித்துக்கொண்டு போக நீரோட்டம் இல்லை.

மலையிலும் பிழைப்பு சுருங்கியது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலிக்காக மலை இறங்குகிறவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள், எதற்குத் துணிகிறார்கள் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், என்ன வித்தியாசம் என்று. நான் பார்க்கிற வித்தியாசம் கல்லிலும் தண்ணீரிலும் இல்லை. ஊரில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதில் இருக்கிறது. மாஷிமோன் இருக்கும் சாந்தியாகோ அதித்லானில் 1990 டிசம்பர் 2 அன்று, நிராயுதபாணிகளாகத் திரண்ட ஊர் மக்கள்மீது ராணுவம் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரே கையெழுத்துப் போட்டு ராணுவ முகாமை வெளியேறச் சொன்னது. அந்த மாதமே முகாம் கிளம்பியது. பக்கத்து சான் ஹுவான் ஊரில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, செடிகொடிகளில் எடுத்த சாயத்தில் நூல் தோய்த்து நெய்து, அவர்களே விற்கிறார்கள். அங்கேயும் வறுமை உண்டு, வெளியாள் நிலம் வாங்குவதும் உண்டு. ஆனால் போகிறவர் விருந்தாளி, ஊர்க்காரர் வீட்டுக்காரர் என்ற முறை மாறவில்லை.

ஏலகிரிக்கு ஏறும் சாலையின் 14 வளைவுகளுக்கும் பெயர் உண்டு. பாரதி, கம்பர், ஔவை என்று புலவர்கள் பாதி. பாரி, ஓரி, பேகன் என்று வள்ளல்கள் பாதி. நல்ல பெயர்கள்தான். அந்த மலையில் பிறந்த ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. மேலே போனால் ரிசார்ட், படகுத்துறை, கோடை விழா. 'ஏழைகளின் ஊட்டி' என்று விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறவர்கள் புங்கனூர் ஏரியில் படகு விட்டு, பலாப்பழமும் தேனும் வாங்கி, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். மலையாளி ஒருவரிடம் நாலு வார்த்தை பேசாமலேயே.

"அப்போ போகவே கூடாதா சார்?"

தாராளமாகப் போங்கள் தம்பி. தங்குவதானால் ஊர்க்காரர் நடத்தும் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சாமி கும்பிடும் இடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் கேட்காமல் போனை நீட்டாதீர்கள். தேன் விற்பவரிடம் எந்தக் காட்டில் எடுத்தது, யார் எடுத்தது என்று கேளுங்கள்; எடுத்தவரே விற்றால் பேரம் பேசாதீர்கள். பாட்டிலைக் கையோடு கீழே கொண்டுவாருங்கள்; அந்த ஏரியைத் தூர் வார வேறு எரிமலை வராது.

கூட்டம் பிடிக்காது என்றால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போங்கள். அது ஜவ்வாது மலை; அங்கேயும் கோலப்பன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. சாமை விளையும் ஊர். மலை மக்களின் கூட்டுறவுச் சங்கம் காட்டு விளைபொருள் வாங்கி விற்கிறது. கடுக்காயும் அதில் ஒன்று. கால் கிலோ வாங்கிக்கொண்டு, 'எங்க ஊர்ல ஒரு காலத்துல தோலெல்லாம் இதுலதான் பதனிட்டாங்க' என்று சொல்லிப் பாருங்கள். தோல் தொழிலில் இருக்கிறவர் அந்த மலையில் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.