வெறுங்காலில் ஒரு வித்தைக்காரர்!



கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து மேலே போனால் கல்வராயன் மலை. வெள்ளிமலைப் பக்கம் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறீர்களா? சாமை அறுத்து முடித்த மேட்டு நிலத்தில் பையன்கள் பந்து உதைத்துக் கொண்டிருப்பார்கள். தாளின் அடிக்கட்டை காலில் குத்தும், சின்னச் சின்னக் கற்களும் இருக்கும். அவர்களோ செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில்தான் ஓடுவார்கள். அந்தச் செருப்பையே கோல் கம்பமாகவும் வைத்துக் கொள்வார்கள்!

"வெறுங்காலில் ஆடுவது பெரிய விஷயமா சார்?" என்று கேட்கிறீர்களா?

வெறுங்காலில் ஆடிய ஓர் இந்தியர், கப்பல் ஏறி ஐரோப்பா போய், அங்கே புகழ்பெற்ற ஒரு கால்பந்து கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். நம் நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்டு கொண்டிருந்த 1936-ஆம் ஆண்டில் அது நடந்தது. அவர் பெயர் முகமது சலீம். இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் வீரர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அவருடைய கதையைச் சொல்கிறேன், வாருங்கள். நடுவில் என் கதையும் கொஞ்சம் வரும். அதில் நான் செய்த ஒரு தப்பும் உண்டு!

கோட்டோரத்து ஆட்டக்காரர்

சலீம் 1904-இல் கல்கத்தாவில் பிறந்தார். கல்கத்தாதான் இன்றைய கொல்கத்தா.

அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது அந்த ஊரே அதிரும்படி ஒரு சம்பவம் நடந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படைவீரர்களின் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் அணி. மறுபக்கம் மோகன் பகான் அணி. மோகன் பகானின் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள். ஆனாலும் 2-1 என்று ஜெயித்தது மோகன் பகான்தான்! அந்த அணியின் கேப்டன் சிப்தாஸ் பாதுரி. அவர் இடது ஓரத்தில் ஆடும் 'விங்கர்'.

விங்கர் என்றால் யார்? விங் என்றால் சிறகு. பறவைக்கு இரண்டு பக்கமும் சிறகு இருக்கிறதல்லவா? அதுபோல, மைதானத்தின் இரண்டு ஓரக் கோடுகளையும் ஒட்டி ஓடுகிறவர்கள் விங்கர்கள். வேகமாகப் பந்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும். எதிரணிக்காரரை ஏமாற்றித் தாண்ட வேண்டும். பிறகு கோலுக்கு முன்னால் நிற்கும் நம் ஆளின் தலைக்கோ காலுக்கோ சரியாகப் போய்ச் சேரும்படி பந்தைத் தூக்கி அனுப்ப வேண்டும். கோல் போட்டவரை எல்லோரும் தோளில் தூக்குவார்கள். அந்தக் கோலுக்கு வழி செய்த விங்கரைப் பல நேரம் மறந்து விடுவார்கள்!

சலீமும் விங்கர்தான். ஆனால் அவருடைய இடம் வலது ஓரம். பல கிளப்புகளில் ஆடிய பிறகு, முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற கிளப்பில் அவர் பெரிய பெயர் எடுத்தார். கல்கத்தா லீக் போட்டியின் முதல் டிவிஷனை அதுவரை எந்த இந்தியக் கிளப்பும் வென்றதில்லை. முகமதன் ஸ்போர்ட்டிங் 1934-இல் அதை வென்றது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கோப்பை அவர்களுக்குத்தான்!

காணாமல் போன வீரர்

1936-இல் பெர்லின் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்குப் போகும் வழியில் சீனக் கால்பந்து அணி கல்கத்தாவில் இறங்கி, இந்திய அணியோடு ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் பிரமாதமாக ஆடினார். அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணோம்! எங்கே போனார் என்று தேடு தேடென்று தேடினார்களாம்.

சலீம் அதற்குள் கப்பல் ஏறிவிட்டிருந்தார். ஹாஷிம் என்ற உறவினர் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஐரோப்பாவில் ஆட வேண்டியவன், வா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். போன இடம் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். அங்கே செல்டிக் என்று ஒரு கிளப் உண்டு. பச்சையும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட சட்டைதான் அவர்களின் அடையாளம். 1897-இலிருந்து அந்த அணியை நடத்தி வந்தவர் வில்லி மேலி. மிகவும் கண்டிப்பான மனிதர்.

ஹாஷிம் நேராக மேலியிடம் போனார். இந்தியாவிலிருந்து நல்ல ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஒரு தடவை ஆட விட்டுப் பாருங்கள் என்று கேட்டார். கூடவே, அவர் பூட்ஸ் போட மாட்டார், வெறுங்காலில்தான் ஆடுவார் என்றும் சொன்னார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், குழந்தைகளே. குளிரும் மழையும் உள்ள ஊர். எதிரே ஆடுகிறவர்கள் எல்லோரும் கனமான தோல் பூட்ஸ் போட்டவர்கள். மேலி சிரித்துவிட்டு, "போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று சம்மதித்தார்.

சலீம் ஆடிக் காட்டினார். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். அவரை அணியில் இறக்குவது என்று முடிவானது!

காலுக்குக் கட்டு

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு புகைப்படம் வருகிறது. செல்டிக் சட்டையோடு சலீம் இருக்கிறார். அவர் காலருகே ஒருவர் குனிந்து, பாதத்தில் துணிக்கட்டு சுற்றிவிடுகிறார். அந்த ஒருவர் ஜிம்மி மெக்மெனமி. ஒரு காலத்தில் செல்டிக்கின் நட்சத்திர ஆட்டக்காரர், அப்போது அணியின் பயிற்சியாளர்.

ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த ஒருவரின் காலடியில் குனிந்து, அந்தக் கால் அடிபடக் கூடாதே என்று ஆளும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் கட்டுப் போடுகிறார். அந்தப் படத்தைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

1936 ஆகஸ்ட் 28. கால்ஸ்டன் அணியோடு ஆட்டம். செல்டிக் ஏழு கோல் போட்டது. அதில் மூன்று கோலுக்கு வழி செய்தவர் சலீம்! பெனால்டி உதை கிடைத்தபோது அவரையே அடிக்கச் சொன்னார்கள். கூச்சமாக இருக்கிறது என்று மறுத்துவிட்டாராம்! மறுநாள் செய்தித்தாள் அவரை 'இந்திய வித்தைக்காரர்' என்று தலைப்புப் போட்டுப் புகழ்ந்தது. ஹாமில்டன் அணியோடு அவர் ஆடிய இன்னோர் ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று வென்றது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இவை செல்டிக்கின் முதல் அணி ஆட்டங்கள் அல்ல. அடுத்த வரிசை வீரர்கள் ஆடும் 'அலையன்ஸ்' என்ற போட்டியின் ஆட்டங்கள். அவர் அங்கே ஆடியதும் இந்த இரண்டுதான். ஆனாலும் அந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள் என்றால் பாருங்களேன்!

சலீமுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. கிளப் எவ்வளவோ கேட்டும் அவர் தங்கவில்லை. ஊருக்குத் திரும்பி, பழையபடி முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடினார்.

என் மாணவன் ஒருவன்

இப்போது என் கதை. 1990-களின் கடைசி. அப்போது எங்கள் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான். மலைமேல் ஒரு பள்ளியில் நான் ஆசிரியர்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். பந்து அவன் காலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். சரிவில் ஆடு மேய்த்துப் பழகிய கால்கள். மைதானத்தின் ஓரமாக அவன் ஓட ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியாது.

கீழே ஓர் ஊரில் பள்ளிகளுக்கான போட்டி. "பூட்ஸ் அணிந்தவர்களே ஆடலாம்" என்று சுற்றறிக்கை மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நான் படித்தேன், மடித்து மேஜைக்குள் வைத்தேன், மறந்தேன். 'இவன் எப்படியும் ஜெயித்து விடுவான்' என்று நினைத்துக் கொண்டேன்.

போட்டி அன்று நடுவர் அவன் காலைப் பார்த்தார். இறங்கக் கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான், விதி அப்படி. நான் அங்குமிங்கும் ஓடி, வேறு பள்ளிப் பையன் ஒருவனிடம் பூட்ஸ் இரவல் வாங்கினேன். இவன் காலைவிட இரண்டு அளவு பெரியது. காகிதத்தைச் சுருட்டித் திணித்து மாட்டிவிட்டேன்.

மூன்றாவது ஓட்டத்திலேயே விழுந்தான். எழுந்தான். மறுபடியும் விழுந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "இது என் காலு இல்ல சார்."

அதற்குப் பிறகு பள்ளி அணியில் அவன் ஆடவே இல்லை. எவ்வளவு கூப்பிட்டாலும் தலையைக் குனிந்துகொள்வான்.

சில வருடங்கள் கழித்து சலீமின் கதையைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் அவன்தான். மேலி செய்ததும் மெக்மெனமி செய்ததும் என்ன? வந்தவரின் கால் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே பார்த்தார்கள். அதற்கு என்ன தேவையோ அதைச் செய்தார்கள். எனக்கு மூன்று வாரம் இருந்தது. அவன் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கி, தினமும் மாலையில் மாட்டிப் பழக விட்டிருந்தால் போதும். விழுந்தது அவன், தப்பு என்னுடையது.

அந்த மாதச் சம்பளத்தில் மூன்று அளவுகளில் மூன்று ஜோடி வாங்கி அலமாரியில் வைத்தேன். ஓய்வு பெறும்வரை அந்த அலமாரி காலியாக இருந்ததில்லை.

போன வருடம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒருவர் வந்து என் பையை வாங்கிக்கொண்டார். அவனேதான்! மீசை வைத்த பெரிய ஆளாகிவிட்டான். பேசிவிட்டுப் போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "அன்னைக்கு வெறுங்காலோட விட்டிருந்தா ரெண்டு கோல் போட்டிருப்பேன் சார்!"

நூறு பவுண்டு

சலீமின் கதைக்கு ஓர் அழகான முடிவு உண்டு. வயதான காலத்தில் அவர் நோயில் படுத்தார். அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்குக் கடிதம் எழுதினார். என் தந்தைக்கு உடல்நிலை சரியில்லை, சிகிச்சைக்குப் பணம் தேவை என்று. இரண்டே ஆட்டம் ஆடிய ஒருவரை, பல பத்து வருடம் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

பதில் வந்தது! நூறு பவுண்டுக்கான வரைவோலையும் உறைக்குள் இருந்தது.

மகன் அதைப் பணமாக மாற்றவே இல்லை. தந்தையை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன் என்று பின்னாளில் சொன்னார். சலீம் 1980-இல் காலமானார்.

குழந்தைகளே, இதைப் படித்துவிட்டு, "நாங்களும் வெறுங்காலில்தான் ஆடுவோம்" என்று கிளம்பி விடாதீர்கள்! கண்ணாடித்துண்டும் முள்ளும் ஆளைப் பார்த்துக் குத்தாது. போட்டிகளில் காலணி கட்டாயம். உங்களிடம் இல்லையென்றால் வெட்கப்படாமல் உங்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் அணியில் காலணி இல்லாத ஒருவன் ஓரமாக நின்றால், அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவன் கால் அளவைக் கேட்டுக்கொண்டு வந்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். யார் கண்டது, அவன் இன்னொரு சலீமாக இருக்கலாம்!

மைதானத் துணுக்குகள்

* 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றாலும், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அன்று விழுந்தது. அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

* 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா அணி இந்தியாவை 10-1 என்று வென்றது. குளிரில் வெறுங்கால் விறைத்துப் போனது. அதன் பிறகு இந்திய அணிக்கு பூட்ஸ் கட்டாயமானது.

* பூட்ஸின் அடியில் குமிழ் குமிழாக இருப்பவற்றை ஸ்டட் என்பார்கள். ஈரத் தரையில் அவை மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால் கால் வழுக்காது. வெறுங்காலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆனால் பந்தின் தொடுதலை வெறுங்கால் நன்றாக உணரும்.

* 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஆடியவர் நம் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ்.

* தங்கைகளே, கால்பந்து பையன்களுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால், இந்திய மகளிர் அணிக்காக ஆடிய இந்துமதி கதிரேசனின் பெயரைச் சொல்லுங்கள். அவர் நமக்குப் பக்கத்து ஊர்தான், கடலூர்!