“அவளுக்கு இருக்கிறதா மிஸ்?”

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தில், தாய்மார் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்றதால் அம்மம்மாமாரோடு வாழும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். ஒருநாள் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பாயின் ஓரத்தில் தனியே இருந்தாள். சுற்றி வந்த தண்ணீர்க் குவளை அவளை மட்டும் தாண்டிச் சென்றது. காரணம் கேட்டேன்.

“அவக்கிட்ட இருக்கக்கூடாதாம் மிஸ். அவட அப்பாக்கு எயிட்ஸாம். அவளுக்கும் இருக்கிறதா மிஸ்?”

“அவளுக்கு ஒன்றுமில்லை” என்று உடனே சொல்லிவிட்டேன். பிள்ளைகளும் நெருங்கி இருந்தார்கள். ஆனால் அன்றிரவு மனம் உறுத்தியது. உண்மை எதுவென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அதைவிட, ‘இருந்தால் ஒதுக்கலாம்’ என்றல்லவா கற்பித்துவிட்டேன்!

2016ஆம் ஆண்டு குளியாப்பிட்டியில் நடந்ததும் நினைவுக்கு வந்தது. தந்தை எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்க மற்றப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவனுக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை காட்டியும் எதிர்ப்பு அடங்கவில்லை. எச்.ஐ.வி தொற்று உள்ள பிள்ளைக்கும் கல்வி கற்கும் உரிமை உண்டு என்பதை அவ்வாண்டு உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

அடுத்த வகுப்புக்கு ஒரு பழைய வலையைக் கொண்டு சென்றேன். “எமது உடம்பிலும் இப்படி ஒரு வலை இருக்கிறது. அதுதான் நோய் எதிர்ப்புச் சக்தி. குருதியிலுள்ள வெண்கலங்கள் கிருமிகளைப் பிடித்து அழிக்கின்றன. எச்.ஐ.வி அந்த வலைக்குள் புகுந்த நண்டு. வலையை அறுத்து, அங்கேயே பெருகும். வலை மிகவும் கிழிந்து, எந்த நோயும் உள்ளே வரும் நிலைதான் எயிட்ஸ்” என்றேன்.

“நண்டைக் கொல்ல ஏலாதா மிஸ்?” என்றான் ஒருவன்.

“முற்றாக அகற்ற இன்னும் வழமையான மருந்து இல்லை. ஆனால் காலைக் கட்டிப் போடலாம். நாளாந்தம் மருந்து எடுத்தால் கிருமி பெருகாது, வலையும் திரும்பச் சீராகும்” என்றேன். நண்டின் காலைக் கட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கியது.

ஒரே குவளையில் குடிப்பதாலோ, தொடுவதாலோ, வாவியில் ஒன்றாகக் குளிப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ இது தொற்றாது. பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள குருதி, பகிர்ந்து பாவித்த ஊசி ஆகியவற்றாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றலாம். தாய் உரிய சிகிச்சை பெற்றால் பிள்ளையைக் காக்கலாம். தாய்வழித் தொற்றை ஒழித்த நாடாக இலங்கையை 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆணுறை பற்றியும் கூறினேன். சிறியவர்களுக்குச் சொன்னது வேறு: “உங்கள் உடம்பை யாராவது தவறாகத் தொட்டால் அது உங்கள் பிழையல்ல. உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 1929க்கும் அழைக்கலாம்.”

சகோதரிகளே, இதை நாமும் அறிந்திருக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளான பிள்ளையை 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றால், எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்கும் மருந்தை வைத்தியர் கொடுக்க முடியும். மானம் போகும் என்று மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பிள்ளைக்கே இழப்பு.

இறுதியில் நான் என் பிழையைத் திருத்தினேன். “யாருக்கு இருக்கிறது என்று கேட்பது எமது வேலையல்ல. யாருக்கு இருந்தாலும் பாயில் இடமுண்டு” என்றேன். அன்று குவளை அந்தச் சிறுமியிடமும் வந்தது. அவளுக்குப் பிறகு அதை வாங்க ஒரு சிறுவன் மட்டும் மறுத்தான்.

“அம்மம்மா அடிப்பா மிஸ்” என்றான்.

அவனுக்கு நான் சொன்னது விளங்கியிருந்தது. இனி விளங்க வேண்டியது வீட்டிலிருக்கும் எமக்குத்தான்.