துடிப்பு வானொலிக் குறிகைகளின் அதிர்வெண் நிறமாலை: கணக்கீடும் செவ்வக மாதிரியின் எல்லையும்

முன்னுரை

ரேடார் ஒன்று குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் இயங்குவதாகக் கூறுவது வழக்கம். ஆயினும் அலையை விட்டுவிட்டுச் செலுத்தும் எந்த அனுப்பியின் ஆற்றலும் ஒரே அதிர்வெண்ணில் அடங்குவதில்லை, இருபுறமும் பரவுகிறது. பன்னாட்டு ஒதுக்கீட்டில் 2,700 முதல் 2,900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வான்போக்குவரத்து ரேடார்கள் இயங்குகின்றன. அதற்குச் சற்றே கீழே, 2,690 மெகாஹெர்ட்ஸ் வரை, பல நாடுகளில் செல்பேசிச் சேவை இயங்குகிறது. எனவே ரேடாரின் ஆற்றல் எவ்வளவு தொலைவு பரவும் என்பது பாடநூல் பயிற்சி மட்டுமன்று; அண்டைச் சேவையின் நலனும் அதில் அடங்கியுள்ளது. பாடநூல்கள் கையாளும் செவ்வகத் துடிப்பு மாதிரி இவ்வினாவிற்கு எந்த அளவு விடை தரும், எந்த இடத்தில் பிழையாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செவ்வகத் துடிப்பின் கணக்கீடு

விளக்கத்திற்காக ஒரு ரேடாரைக் கொள்வோம். ஊர்தி அலை 2,750 மெகாஹெர்ட்ஸ். உச்சத்திறன் 10 இலட்சம் வாட். துடிப்பின் அகலம் 1 மைக்ரோ நொடி. நொடிக்கு 1,000 துடிப்புகள். அனுப்பி இயங்கும் நேரம் மொத்த நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆதலால் சராசரித் திறன் 1,000 வாட்.

சீராக மீளும் எந்தக் குறிகையையும் தனித்தனி அதிர்வெண் கோடுகளின் தொகையாக எழுதலாம் என்பது ஃபூரியர் பகுப்பின் அடிப்படை. இங்குக் கோடுகள் ஊர்தி அலையின் இருபுறமும் 1 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. ஒரு கோட்டின் உயரத்தைக் காண, ஊர்தி அலையிலிருந்து அது விலகியுள்ள அதிர்வெண், துடிப்பின் அகலம், பை என்னும் மாறிலி ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். கிடைக்கும் கோணத்தின் சைன் மதிப்பை அதே கோணத்தால் வகுத்தால், நடுக்கோட்டின் வீச்சோடு ஒப்பிட்ட வீச்சு கிடைக்கும். இச்சார்பு 1, 2, 3 மெகாஹெர்ட்ஸ் விலகல்களில் சுழியாகிறது. முதல் பக்கமடலின் முகடு நடுக்கோட்டைவிட 13.3 டெசிபெல் தாழ்ந்துள்ளது.

நடுக்கோட்டின் திறன் எவ்வளவு? அதன் வீச்சு உச்ச வீச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திறன் வீச்சின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 வாட் மட்டுமே. இவ்விடை முதலில் நம்பத்தகாததாகத் தோன்றும். சரிபார்ப்பது எளிது: கோடுகள் அனைத்தின் திறனையும் கூட்டினால், நடுக்கோட்டின் உயரத்தில் 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்திற்கு நிரப்பிய கோடுகளின் திறனுக்கு அது சமமாகிறது. 1,000 கோடுகள், ஒவ்வொன்றும் 1 வாட். சராசரித் திறன் முழுவதும் கிடைத்துவிடுகிறது.

அளவிடும் கருவி எதைக் காட்டும் என்பது வேறு வினா. நிறமாலைப் பகுப்பாய்வியின் வடிப்பான் 100 ஹெர்ட்ஸ் அகலமுடையதாயின் கோடுகள் தனித்தனியே தெரியும்; நடுக்கோடு உச்சத்திறனைவிட 60 டெசிபெல் தாழ்ந்திருக்கும். வடிப்பான் 100 கிலோஹெர்ட்ஸ் ஆயின் ஏறத்தாழ நூறு கோடுகள் ஒருசேர நுழைந்து, வீச்சளவில் கூடி, காட்டும் உச்சமதிப்பை ஏறத்தாழ 40 டெசிபெல் உயர்த்தும். குறிகை மாறவில்லை, கேட்கும் செவி மாறியுள்ளது. பட்டை அகலத்தைக் குறிப்பிடாத ஒரு குறுக்கீட்டு அளவீடு, எத்தனை பதின்ம இடங்களுக்குத் துல்லியமாக எழுதப்பட்டிருந்தாலும், பொருளற்றதே.

துடிப்புக்குத் துடிப்பு கட்டம் தொடர்புற்றிருந்தால்தான் கோடுகள் தோன்றும். மேக்னட்ரான் ஒவ்வொரு துடிப்பையும் புதிய கட்டத்தில் தொடங்குவதால், அதில் கோடுகள் கரைந்து அதே உறைவடிவமுள்ள தொடர் நிறமாலையாகின்றன.

விளிம்பின் பங்கு

நடுவிலிருந்து வெகுதொலைவில் சைன் மதிப்பின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு முகடுகளை மட்டும் நோக்கலாம். முகடுகளின் உயரம் மேற்கூறிய கோணத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. செல்பேசிப் பட்டையின் எல்லை 60 மெகாஹெர்ட்ஸ் தொலைவில் உள்ளது. அங்குத் தணிவு 45.5 டெசிபெல்.

துடிப்பை அகலமாக்கினால் நிறமாலை சுருங்கும் என்று பாடநூல்கள் கூறும். அகலத்தை 2 மைக்ரோ நொடியாக்கினால் தணிவு 6 டெசிபெல் கூடுவது உண்மையே. ஆனால் நடுக்கோடும் அதே 6 டெசிபெல் உயர்கிறது. இரண்டும் ஈடாகி, 60 மெகாஹெர்ட்ஸ் தொலைவிலுள்ள அண்டைச் சேவைக்குக் கிடைக்கும் நலன் ஏதுமில்லை. தொலைவிலுள்ள முகடுகளுக்கான கோவையிலிருந்து துடிப்பின் அகலம் முற்றிலும் நீங்கிவிடுகிறது. எஞ்சுவன உச்ச வீச்சும், நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதும், விலகலுமே.

உண்மைத் துடிப்பு நொடிப்பொழுதில் எழுவதில்லை. எழுவதற்கும் விழுவதற்கும் 0.1 மைக்ரோ நொடி ஆகும் சரிவகமாக அதைக் கொண்டால், நிறமாலை இரு காரணிகளின் பெருக்கமாகிறது: ஒன்று துடிப்பின் அகலத்திற்கு உரியது, மற்றொன்று எழுநேரத்திற்கு உரியது. 60 மெகாஹெர்ட்ஸ் தொலைவில் இரண்டாம் காரணி மேலும் 25.5 டெசிபெல் தணிவைத் தருகிறது, மொத்தம் 71. திறனில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 350 மடங்கு. செவ்வக மாதிரியை மட்டும் நம்பிய திட்டமிடல் இத்தனை மடங்கு தவறும். தொலைவில் ஒலிப்பது துடிப்பன்று, அதன் விளிம்பே என்பதை அலைவரிசை விலக்கிய ஏற்பியிலும் காணலாம். அதன் வெளியீட்டில் துடிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு கூர்முனைகள் மட்டுமே நிற்கும். பொறியாளர்கள் அதை முயல் காதுகள் என்பர்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எஸ்.எம்.1541 பரிந்துரை இதே தருக்கத்தைப் பின்பற்றுகிறது. பண்பேற்றமற்ற துடிப்புகளுக்கு 40 டெசிபெல் தணியும் வரையிலான மொத்தப் பட்டை அகலத்தை அது இரு கோவைகளால் கணிக்கிறது, சிறியதையே ஏற்கிறது. முதலாவது, 64ஐத் துடிப்பின் அகலத்தால் வகுப்பது. இந்த 64 எங்கிருந்து வந்தது? செவ்வகத் துடிப்பின் முகடு நூறில் ஒரு பங்காகும் விலகலை இருமடங்காக்கினால் 200ஐப் பையால் வகுத்த மதிப்பு, அதாவது 63.7 வரும். இரண்டாவது கோவை, 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ரேடார்களுக்கு, 6.2ஐ அகலம், எழுநேரம் ஆகியவற்றின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பது. சரிவக மாதிரியிலிருந்து நேரே வருவித்தால் 6.37 கிடைக்கிறது. பரிந்துரை எழுநேரத்தை வீச்சின் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரை அளப்பதால் முழுப் பொருத்தத்தை எதிர்பார்க்கலாகாது. எடுத்துக்காட்டு ரேடாருக்கு முதற்கோவை 64 மெகாஹெர்ட்ஸையும் இரண்டாவது 19.6 மெகாஹெர்ட்ஸையும் தருகின்றன.

எழுநேரத்தை 0.2 மைக்ரோ நொடியாக உயர்த்தினால் செல்பேசிப் பட்டையின் எல்லையில் மேலும் 6 டெசிபெல் தணிவு கிட்டும். அதற்கு ஈடாக, எதிரொலியின் முன்விளிம்பைக் கொண்டு தொலைவை அளக்கும் ரேடாரில் அவ்விளிம்பு 15 மீட்டரிலிருந்து 30 மீட்டராக விரிந்துவிடுகிறது.