எப்படி வலிக்குதுன்னு சொல்லுங்க

வலியைச் சொல்ல நம் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தலை விண்விண்ணென்று தெறிக்கும். கால் கடுக்கும். பல் கூசும். காது குடையும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். புண் எரியும். ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. வீட்டில் யாராவது சொன்னால் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஆனால் அதே ஆள் கிளினிக்கில் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், அத்தனை சொல்லும் ஒரே மலாய்ச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது: "சாக்கிட், டாக்டர்."

வானொலியில் பேசிச் சம்பாதிப்பவள் நான். சரியான ஒரு சொல் வெளியே வராததால் ஒரு நோயாளி எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது என்பதை, கிள்ளானில் இருக்கும் என் அம்மாவோடு அலைந்த 14 மாதங்களில் பார்த்தேன்.

பல் போனது, வலி போகவில்லை

அம்மாவுக்கு 61 வயது. வலது கன்னத்தில், மேல் கடைவாய்ப் பல் பக்கம் வலி. பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு பல்லில் சிறிய சொத்தை இருந்தது, அடைத்தார். வலி நிற்கவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். சில வாரங்களில் பக்கத்துப் பல்லும் போனது. அப்புறம் சைனஸாக இருக்கலாம் என்று காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனோம். அப்புறம் தாடை மூட்டு என்றார்கள். படங்கள், ரத்தப் பரிசோதனைகள் எல்லாமே "நார்மல்".

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உறவினர் ஒருவர் சொன்னதால் அங்கேயும் போனோம். கன்னத்தைத் தொட அம்மா விடவே இல்லை. கழுத்தை மட்டும் மெதுவாகப் பிடித்துப் பார்த்த அந்த அண்ணன், "இது சதை வலி இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்லிப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குள் அம்மா பாதியாக இளைத்துப் போயிருந்தார். சோற்றைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தார். முகம் கழுவப் பயந்தார். போனில் பேசுவதையே நிறுத்திவிட்டார். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்றதும் சொந்தக்காரர்களின் பேச்சும் மாறியது. "மனசுல எதையோ வச்சிருக்கா" என்றார்கள். வலியைவிட அந்தப் பேச்சுதான் அவரை அதிகம் ஒடுக்கியது.

விடை கிள்ளானில் இருக்கும் ஒரு அரசாங்க சுகாதார கிளினிக்கில் கிடைத்தது. மலாய்க்கார இளம் பெண் டாக்டர். "ஆண்டி, எங்கே வலிக்கிறது என்று கடிதத்தில் இருக்கிறது. எப்படி வலிக்கிறது?" என்று மலாயில் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். தோட்டத்தில் வளர்ந்தபோது கற்ற மலாயில் சொன்னார்: "மச்சாம் கெனா காரான், டாக்டர்." கரண்ட் அடிச்ச மாதிரி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான்கு கேள்விகள் கேட்டார். எவ்வளவு நேரம் இருக்கும்? சில விநாடி, போய்விட்டு மறுபடி வரும். எதனால் கிளம்பும்? பல் விளக்கினால், மென்றால், பேசினால், ஃபேன் காற்று பட்டால்கூட. இடது பக்கம் வருமா? ஒருநாளும் இல்லை. நடுவில் எப்படி? ஒன்றுமே இருக்காது.

பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் எழுதித் தந்தார். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு நிபுணர் உறுதிசெய்த பெயர், ட்ரைஜெமினல் நியூரால்ஜியா.

ஒரே நரம்பு, மூன்று கிளைகள்

மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஐந்தாவது நரம்பு மூன்றாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் போகிறது. பற்களின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோவதும் இதே நரம்புதான். நரம்பின் வேர்ப்பகுதியை ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டே இருந்தால், நாளடைவில் நரம்பின் மேலுறை தேய்ந்து, லேசான தொடுதல்கூட மின்னல் வெட்டுப் போன்ற வலியாக மாறுகிறது. கோளாறு மண்டைக்குள், ஆனால் மூளைக்கு வரும் தகவல் "பல் வலிக்கிறது" என்பது. அதனால் உலகெங்கும் இந்த நோயாளிகள் பலர் முதலில் பல் மருத்துவரிடம்தான் போகிறார்கள். நல்ல பற்களையும் இழக்கிறார்கள்.

பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வரும் நோய் இது. இந்தி நடிகர் சல்மான் கான் இதே நோய்க்கு 2011இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவர். அந்த வலியைப் பற்றி வெளிப்படையாகவும் பேசியிருக்கிறார்.

கார்பமாசெபின் என்ற மாத்திரை 1960களிலிருந்து இதற்கு முதல் மருந்து. வலிப்பு நோய்க்கும் தருவது இதுதான். ஒரு எச்சரிக்கை: குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை உண்டாக்கலாம். அந்த மரபணு தென்கிழக்காசிய மக்களிடம் அதிகம், இந்தியர்களிடமும் உண்டு. அதனால் மாத்திரை தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அவருடைய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. மருந்து கேட்காதவர்களுக்கு, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே சிறு பஞ்சு போன்ற தடுப்பை வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு.

அம்மாவுக்கு இப்போது மாத்திரையிலேயே பெருமளவு குறைந்திருக்கிறது. தலைசுற்றல் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை தொடர்கிறது. முழுக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சோறு மென்று சாப்பிடுகிறார்.

எண் சொல்லாததைச் சொல் சொல்லும்

நம் சுகாதார அமைச்சு 2008இல் வலியை ஐந்தாவது உயிர்நிலை அளவீடாக அறிவித்தது. காய்ச்சல், நாடித்துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல வலியையும் கேட்டுக் குறிக்க வேண்டும். அதனால்தான் மருத்துவமனையில் தாதியர் "சுழியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?" என்று கேட்கிறார்கள். வலி எவ்வளவு என்று அந்த எண் சொல்லும். எந்த மாதிரி வலி என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் வலிக்கான ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். 20 பிரிவுகளில் 78 வலிச் சொற்கள் அதில் உண்டு. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொற்களே வலியின் தன்மையைக் காட்டும் என்பது அதன் அடிப்படை. நம் பாட்டிமார் அதே வேலையைப் பட்டியல் இல்லாமலே செய்திருக்கிறார்கள்.

மலாயிலும் சொற்கள் உண்டு. குத்தினால் மென்சுச்சுக், விண்விண்ணென்றால் பெர்டெனியுட், எரிந்தால் பெடே, மரத்துப்போனால் கெபாஸ். இந்த நான்கையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

யாரிடம் போவது?

நோயை முடிவுசெய்வது மருத்துவர் வேலை. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு வலியின் குணம் வழிகாட்டும்.

கரண்ட் அடிப்பது, எரிவது, மரத்துப்போவது என்றால் நரம்பியல் பக்கம் விசாரிக்கலாம். கோலாலம்பூர் மருத்துவமனை வளாகத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் பெயரில் நரம்பியலுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது.

இளவயதில் முதுகுவலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது என்றால் அது எலும்பு தேய்மானமாக இல்லாமல் அழற்சியாக இருக்கலாம். ருமட்டாலஜி எனும் மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டியது. நாள் முழுக்க கணினி முன் உட்கார்ந்திருப்பதால்தான் என்று இளைஞர்கள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மாதவிலக்கோடு வந்து, வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் படுக்கவைக்கும் வலியை "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று ஒதுக்காதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று மகப்பேறு மகளிர் நோய் நிபுணர் பார்க்கட்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. காரணம் தெரிந்தும் தெரியாமலும் தொடரும் வலிக்கென்றே வலி கிளினிக்குகள் உண்டு. செலாயாங் மருத்துவமனையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இருக்கின்றன. மருந்தோடு உடற்பயிற்சி, உளவியல் ஆலோசனையும் சேர்த்துத் தருவது அவற்றின் முறை.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. கடிதம் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். காத்திருக்கும்போது வலி கூடினாலோ, கை கால் பலவீனமானாலோ, எடை குறைந்தாலோ தேதி வரும்வரை பொறுக்காமல் கடிதம் தந்த கிளினிக்குக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். தனியார் பக்கம் போவதானால், மருத்துவர் எந்தத் துறையில் பதிவுபெற்றவர் என்பதைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

ஒரு தாள் போதும்

போகும் முன் ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது. எப்படி வலிக்கிறது; அவர் வாயில் வந்த தமிழ்ச் சொல்லிலேயே. ஒருமுறை வந்தால் எவ்வளவு நேரம். எது கிளப்புகிறது, எது தணிக்கிறது. இதுவரை சாப்பிட்ட மருந்துகள், அவை கேட்டதா இல்லையா. வலியால் செய்ய முடியாமல்போன மூன்று காரியங்கள். பழைய படங்களையும் அறிக்கைகளையும் தேதி வரிசையில் அடுக்கி உடன் வையுங்கள்.

மொழிபெயர்க்க நீங்கள் உடன் போனால், சுருக்காமல் சொல்லுங்கள். "அம்மாவுக்குக் கன்னத்துல வலி" என்பதற்கும் "பேசினா கன்னத்துல கரண்ட் அடிக்குதாம்" என்பதற்கும் நடுவே எங்கள் வீட்டில் இரண்டு பற்கள் போயிருக்கின்றன.

டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இன்னும் சரியான இடத்தில் தேடவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். வலி பொய் என்று அர்த்தமில்லை. இந்த வாரம் வீட்டில் யாராவது "வலிக்குது" என்றால், "எங்கே?" என்று கேட்டதோடு எழுந்து போய்விடாதீர்கள். "எப்படி வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.