ஒழுகும் குழாயை எந்தப் பக்கம் அடைப்பது?

நடவு முடிந்த வயல். ராத்திரி மேல்வயலில் கட்டிய தண்ணீர் காலையில் குறைந்து கிடக்கிறது, கீழ்வயலில் ஏறி நிற்கிறது. வரப்பில் எங்கோ நண்டு வளை போட்டுவிட்டது. திருவையாறு, பாபநாசம், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், தண்ணீர் பாய்ச்சும் தாத்தா அந்த வளையை எப்படி அடைக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா?

கீழ்வயலில் தண்ணீர் கொப்பளித்து வரும் இடத்தில் அவர் மண்ணை அப்புவதே இல்லை. வரப்பைத் தாண்டி மேல்வயலில் இறங்குகிறார். சேற்றுக்குள் காலால் துழாவுகிறார். தண்ணீர் உள்ளே இழுக்கும் வாய் பாதத்தில் தட்டுப்பட்டதும், வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து அங்கே திணித்துக் குதிகாலால் மிதிக்கிறார். கசிவு நின்றுவிடுகிறது.

காரணம் அழுத்தம். கீழ்ப்பக்கம் வைத்த மண்ணைத் தண்ணீர் வெளியே தள்ளும். மேல்பக்கம் வைத்த மண்ணை அதே தண்ணீர் வளைக்குள்ளேயே அமுக்கி இறுக்கும். தாத்தாவுக்குத் தண்ணீரே வேலைக்காரன் ஆகிவிடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், வீட்டில் ஒழுகும் குழாயைப் பற்றிப் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் குழாயில் சிக்கல் என்னவென்றால், மேல்பக்கம் குழாய்க்கு உள்ளே இருக்கிறது. அங்கே நம் கை போகாது. அதனால்தான் பலர் வெளியிலிருந்து துணியைச் சுற்றுகிறார்கள், சோப்பை அப்புகிறார்கள். இரண்டு நாளில் மறுபடியும் ஒழுகுகிறது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 மீட்டர் உயரத் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது. அடியில் உள்ள குழாயில் அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோ எடையளவுக்குத் தள்ளும். குழாயில் கடுகளவு துளை, குறுக்களவு 2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அந்தத் துளையின் பரப்புக்கு விசை வெறும் 30 கிராம் எடை அளவுதான். விரலால் அமுக்கினாலே நின்றுவிடும். அதன் மேல் 2 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில் ஓர் ஒட்டுப் போடுகிறீர்கள். ஒட்டு குழாயோடு நன்றாகப் பிடித்திருக்கும்வரை கவலையில்லை. ஈரத்தின் மேலோ தூசியின் மேலோ ஒட்டியிருந்தால், தண்ணீர் மெல்ல ஒட்டின் அடியில் ஊர்ந்து பரவும். முழுப் பரப்புக்கும் பரவியதும் 30 கிராம் 4 கிலோ ஆகிவிடும்! துளை பெரிதாகவில்லை, தொட்டியும் உயரவில்லை. தண்ணீர் தொடும் பரப்பு மட்டும் பெரிதானது. விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கியது என்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதுதான்.

நல்ல பிளம்பர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் முதலில் கேட் வால்வை மூடுகிறார். பிறகு கீழே உள்ள ஒரு குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரையும் வடித்துவிடுகிறார். வெளியே தள்ளும் ஆளையே முதலில் அப்புறப்படுத்திவிட்டார், பார்த்தீர்களா? அடுத்து, வெடித்த துண்டை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுக்கிறார். வெட்டு முனையின் பிசிறைத் தேய்க்கிறார், ஈரத்தைத் துடைக்கிறார். புதுத் துண்டின் முனையிலும் கப்ளிங் என்னும் இணைப்புத் துண்டின் உள்ளேயும் 'சொல்யூஷன்' தடவி, உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருகி, அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடிக்கிறார்.

அந்த அரை நிமிடத்தில் நடப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். சொல்யூஷன் என்பது சாதாரணப் பசை இல்லை. அது பிவிசி பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இளக்குகிறது. குழாயிலும் கப்ளிங்கிலும் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகின்றன. கப்ளிங்கின் உட்புறம் லேசாகக் குறுகிக்கொண்டே போகும் வடிவம். பிடிக்காமல் விட்டால் குழாயைப் பின்னால் தள்ளிவிடும். அதற்காகத்தான் அந்த அரை நிமிடப் பிடி. உடனே தண்ணீரைத் திறந்துவிட்டால் இளகிய பிளாஸ்டிக் இறுகுவதற்குள் அழுத்தம் வந்துவிடும். "சாயங்காலம் வரைக்கும் மோட்டார் போடாதீங்கம்மா" என்று அவர் சொல்லிவிட்டுப் போவது வெறும் எச்சரிக்கை இல்லை, வேதியியல்.

தெருவில் போகும் பெரிய குழாயை இப்படி நினைத்தபோது அறுக்க முடியாது. கொள்ளிடத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் குடிநீர் குழாயில்தான் போகிறது. வழியில் ஓரிடம் உடைந்தால் கடைசி ஊர்களில் குடம் காலியாகிவிடும். அங்கே சின்னத் துளை என்றால் ரப்பர் பட்டையை வைத்து, அதன் மேல் இரும்பு வளையம் போட்டு, போல்ட்டை முறுக்குகிறார்கள். தண்ணீர் வெளியே தள்ளுவதைவிட அதிகமாக போல்ட் உள்ளே தள்ள வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

குழாய் ஏன் உடைகிறது? காரணங்கள் பல. நம் பழைய டெல்டாவில் முக்கியமான ஒன்று, காலுக்கு அடியிலேயே இருக்கிறது. கோடையில் களிமண் வயல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கிறது! களிமண்ணில் உள்ள சில தாதுக்கள் மெல்லிய தகடுகளை அடுக்கியது போன்ற அமைப்புடையவை. மழைக்காலத்தில் தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து மண் உப்புகிறது. வெயிலில் காய்ந்து சுருங்குகிறது. ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கும் மண், தனக்குள் புதைத்த குழாயையும் கூடவே இழுக்கிறது. நடுக்குழாய் தாங்கினாலும் இணைப்பு விட்டுவிடும். இதற்காகவே விவரம் தெரிந்தவர்கள் பள்ளத்தில் முதலில் மணலைப் பரப்பி அதன் மேல் குழாயை வைக்கிறார்கள். மணல் அப்படி உப்புவதில்லை. கடலோரத்தில், நாகை வேதாரண்யம் பக்கம், உப்பு ஈரம் இரும்பைத் துருவாக்கிவிடுவதும் உண்டு.

தஞ்சாவூரிலேயே நிலத்தடிக் குழாய்களுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நாயக்கர் காலத்தில் சேவப்பநாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, வண்டல் படியவிட்டு, தெளிந்த நீரைச் சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தரைக்கு அடியிலேயே ஊருக்குள் உள்ள குளங்களுக்கும் அரண்மனைக் கிணறுகளுக்கும் நீர் போனது. சில ஆண்டுகளுக்கு முன் அய்யன்குளத்தைச் சீர்செய்தபோது அந்தப் பழைய நீர்வழி வெளிப்பட்டது. மோட்டாரும் இல்லை, இரும்புக் குழாயும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிவிலேயே நீர் நடந்து போகும்படி விட்டதால் அழுத்தம் குறைவாக இருந்தது. அழுத்தம் குறைவென்றால் இணைப்புகளுக்கும் வேலை குறைவு. அந்த அறிவை நாம் மதிக்க வேண்டும்.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒழுகும் குழாயால் தண்ணீர் வீண் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. அது என்னவென்று ஒரு சோதனை செய்து பாருங்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் நடுவில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் நிறைய நல்ல தண்ணீர் பிடித்து மூடியை இறுக்குங்கள். ஒரு வாளியில் மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர் எடுத்து, துளை முங்கும்படி பாட்டிலை அதற்குள் வையுங்கள். பாட்டிலை அமுக்கினால் நல்ல தண்ணீர் வெளியே போகும். கையைத் தளர்த்துங்கள். பாட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, மஞ்சள் தண்ணீர் துளை வழியாக உள்ளே நுழையும். நாலைந்து முறை செய்யுங்கள், பாட்டில் முழுக்க நிறம் மாறிவிடும்.

நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுக்க வருவதில்லை, காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் என்று வருகிறது. தண்ணீர் வரும் நேரம் நீங்கள் பாட்டிலை அமுக்கும் நேரம். வால்வை மூடியதும் குழாயில் உள்ள நீர் பள்ளத்து வீடுகளுக்கு வடிகிறது, மேட்டுப் பகுதிக் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. அது கையைத் தளர்த்தும் நேரம். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் சாக்கடை ஓடினால் என்ன உள்ளே போகும் என்று சொல்லத் தேவையில்லை. காலராவும் டைஃபாய்டும் இந்த வழியில் வரக்கூடியவை. சில வீடுகளில் தெருக்குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அது இந்த உறிஞ்சலை இன்னும் கூட்டுகிறது. அண்டை வீட்டுக்குத் தண்ணீர் போகாமல் செய்வதோடு, சாக்கடையையும் குடிநீருக்குள் இழுக்கிறார்கள். இது பெரிய தவறு. தண்ணீரில் கலக்கும் குளோரின் கிருமியைக் கொல்லும்தான். ஆனால் நிறைய அழுக்கு புகுந்தால் அந்தக் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும்.

வீணாகும் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு துளி சொட்டினால் நாளைக்கு 86,400 துளி, அதாவது 4 லிட்டருக்கு மேல். ஓர் ஆண்டில் 1,500 லிட்டரைத் தாண்டும். கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு வகுப்பறையில் உள்ள 28 பிள்ளைகளின் ஒரு நாள் தண்ணீர், ஓர் ஆண்டில் ஒரே குழாயில் சொட்டிப் போய்விடுகிறது. அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஒரு ரப்பர் வாஷர் போதும்.

இன்று ராத்திரி இதைச் செய்யுங்கள். எல்லாரும் படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தரைத்தொட்டியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு போடுவது பெரியவர்களாகவே இருக்கட்டும், நீங்கள் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். விடிந்ததும் முதல் வேலையாக, மோட்டார் போடும் முன், மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கோட்டைவிடத் தண்ணீர் இறங்கியிருந்தால் தொட்டியிலோ அதன் குழாயிலோ கசிவு இருக்கிறது, பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். பள்ளிக்கூடம் போகும் வழியில் மழையே பெய்யாத நாளில் தெரு ஓரம் ஈரமாகக் கிடந்தால், ஊரில் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டரிடமோ ஊராட்சி, நகராட்சி அலுவலகத்திலோ அன்றைக்கே சொல்லுங்கள். அது சரியாகும்வரை வீட்டில் குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.