மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறாளா மகள்? அவள் சாப்பாட்டுத் தட்டையும் கவனியுங்கள்!

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறாள். போன வருடம் தைத்த சுடிதார் தொளதொளவென்று தொங்குகிறது. இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ‘பசிக்கலம்மா’ என்று எழுந்துவிடுகிறாள். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால், பாதிப் படியிலேயே நின்று மூச்சு வாங்குகிறாள். ‘வீசிங்கா இருக்குமோ’ என்று அம்மாவுக்குக் கவலை. ‘டயட்ல இருக்கா, விடு’ என்கிறார் அப்பா.

இரண்டும் ஒரே பிரச்னையாக இருக்கலாம்.

உடம்பு மெலிந்துகொண்டே போனாலும், ‘குண்டாக இருக்கிறோம்’ என்று நம்பிச் சாப்பாட்டைக் குறைக்கவைக்கும் மனநோய், அனோரெக்சியா. ஆண்களுக்கும் வரும். ஹாஸ்டலில் என் ரூம்மேட் அப்படித்தான் இளைத்தாள். நாங்களோ ‘சூப்பரா இருக்கடி’ என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்!

பட்டினி நீண்டால் தசைகள் கரையும். மூச்சை இழுக்க உதவும் உதரவிதானமும் தசைதானே? ரத்தசோகையும் சேர்ந்தால் இன்னும் மூச்சு வாங்கும். சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிடுபவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து, இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர், சிகிச்சையில் எடை கூடியிருந்த நிலையிலும், 1983 பிப்ரவரி 4-ல் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்து இறந்தார். வயது 32. அவர் இதயம் அதற்குள் பழுதாகியிருந்தது.

ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால், அவரிடம் சாப்பாட்டு விஷயத்தை மறைக்காதீர்கள்.

‘நாலு நாள் நல்லா ஆக்கிப் போட்டா தேறிடுவா’ என்று அம்மாக்கள் நினைப்பது இயல்பு. அங்கேதான் ஆபத்து. நாள்கணக்கில் காய்ந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போனால், ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென இறங்கும். மூச்சுத்திணறலில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு ‘ரீஃபீடிங் சிண்ட்ரோம்’ என்று பெயர். முதலில் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. அதன் பிறகு டாக்டர் சொல்லும் அளவில், மெதுவாகச் சாப்பாடு.

சரி, வர மாட்டேன் என்கிறவளை எப்படிக் கூட்டிப்போவது? 18 வயதைக் கடந்தவர் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சைக்குப் பொதுவாக அவர் சம்மதம் வேண்டும். ‘எலும்பும் தோலுமா ஆயிட்டியே’ என்று அழாதீர்கள். அந்த நோய்க்கு அது பாராட்டாகவே கேட்கும். எடைப் பேச்சை விட்டுவிட்டு, ‘படி ஏறினா மூச்சு வாங்குதே, ஒரு செக்கப் பண்ணிட்டு வருவோமா கண்ணு?’ என்று கேளுங்கள். மனநல டாக்டர் என்றால் மறுப்பவர்கள்கூட இதற்குச் சம்மதிக்கலாம்.

பெற்றோருக்கே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மயக்கம், நெஞ்சுவலி, படுத்திருக்கும்போதும் மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.