நீளம் சொல்லாத பாராமீட்டர்

இன்னைக்கு ஒரு சின்ன அடைப்புக்குறியைப் பத்திப் பேசப்போறோம். அதை விட்டதால ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வேலையே போயிருக்கும்.

அப்போ நான் ஜூனியர் டெவலப்பர். டேட்டாபேஸ், எஸ்.க்யூ.எல். சர்வர். பேரோட தொடக்கத்தை வெச்சுத் தேடி, கிடைக்கிற கணக்கை முடக்குற டைனமிக் க்வெரி ஒண்ணு எழுதணும். யூசர் டைப் பண்ற பேரை க்வெரியோட அப்படியே ஒட்டக்கூடாதுன்னு தெரியும். டிசோசாவை ஆங்கிலத்துல எழுதுறப்போ நடுவுல வர்ற ஒற்றை மேற்கோள் குறி போதும், க்வெரி உடைஞ்சிடும். கெட்ட எண்ணம் உள்ளவர் அதே வழியில தன் கட்டளையையே நுழைச்சிடலாம். அதனால எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் மூலமா, பேரைத் தனி பாராமீட்டரா அனுப்பினேன். அதுவரைக்கும் சரி.

ஆனா பாராமீட்டரோட வகையை வெறும் 'என்வார்சார்'னு எழுதிட்டேன். பக்கத்துல அடைப்புக்குறி போட்டு நீளம் கொடுக்கலை. அப்படி விட்டா நீளம் 1-னு அர்த்தம். நான் அனுப்பின 'சுரேஷ்குமார்' ஆங்கில எழுத்துல இருந்தது. முதல் எழுத்தான 'எஸ்' மட்டும் உள்ளே போச்சு, மிச்சம் வெட்டுப்பட்டது. எர்ரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 'எஸ்'ல தொடங்குற எல்லார் கணக்கும் முடங்கிடுச்சு! பேக்கப்ல இருந்து மீட்டு முடிக்க விடிஞ்சிடுச்சு.

இன்னொரு குழப்பமும் இருக்கு. காஸ்ட், கன்வர்ட் பண்றப்போ நீளத்தை விட்டா 1 இல்லை, 30. சின்னப் பேரை வெச்சு டெஸ்ட் பண்ணா எல்லாம் ஒழுங்கா ஓடும். நீளமான முகவரி வர்ற அன்னைக்குத்தான் மாட்டுவோம்.

தமிழ்ப் பேர்னா இன்னும் கவனம் வேணும். 'கார்த்திகேயன்' நம்ம கணக்குல 7 எழுத்து. யூனிகோடுல துணைக்கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி, மொத்தம் 13. நீளம் 10 கொடுத்தா 'கார்த்திகே'யோட நின்னுடும்.

அதனால என் பழக்கம் இதுதான்: டேபிள்ல அந்தக் காலத்துக்கு, அதாவது காலம்னு நாம சொல்ற பத்திக்கு, என்ன வகையோ, என்ன நீளமோ, அதையே பாராமீட்டருக்கும் கொடுப்பேன். அப்டேட் ஓட்டுறதுக்கு முன்னாடி, அதே பாராமீட்டரோட எத்தனை வரிசை சிக்குதுன்னு ஒரு செலக்ட் போட்டு எண்ணிப் பார்ப்பேன். அன்னைக்கு எண்ணியிருந்தா, ஒரு ஆளைத் தேடின இடத்துல ஒரு ஊரே நிக்குறது தெரிஞ்சிருக்கும்.

உங்க கோடையும் இன்னைக்கே ஒரு தடவை தேடிப் பாருங்க. அடைப்புக்குறி இல்லாத வார்சார் எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும்.